நூறு சுடும் சாத்தன் மகளார்

நங்கைமங்கலத்துக்கு உலகநங்கை திரும்பி வந்தது ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை மணி பஸ்ஸில். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்க் கோயிலைக் கல்லால் கட்டிய ராஜாவின் பட்டத்தரசி அவள்; கோயிலின் தென்புறச் சுவரில் கைகூப்பி நிற்கிற சிலை அவளுடையது; அதனால், தோளைத் தொடும் காதுகளும் கையில் சின்னத் துணி மூட்டையுமாக அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, பூக்கட்டிக்கொண்டிருந்தவர்களும் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தவர்களும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, வந்திருப்பது இன்னாரென்று தெரிந்துகொண்டு, வெயிலில் நிற்காதீர்கள் அம்மா என்று நிழலுக்குக் கூப்பிட்டார்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் ஆடியில் அப்பா வீட்டுக்கு வருவது வழக்கம்தான். இவள் வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

டீக்கடைக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார்.

"என் தகப்பன் வீட்டுக்கு."

"எந்தத் தெரு?"

"அதைத்தான் கேட்க வந்தேன்" என்றாள் அரசி.

சிக்கல் அங்கேதான் இருந்தது. கோயிலின் அதே தென்சுவரில் அவளைப் பற்றி ஒரு கல்வெட்டு உண்டு. 'நூ' என்று ஓர் எழுத்து, அதற்கப்புறம் ஒரு முழ நீளத்துக்கு உளியால் கொத்தியெடுத்த பள்ளம், பள்ளம் முடிகிற இடத்தில் 'மகளார் உலகநங்கையார்'. தகப்பன் பெயர் அந்தப் பள்ளத்தில் போய்விட்டது. மிஞ்சிய ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று தெருக்கள் மூன்று தலைமுறையாகச் சண்டை போட்டன. அது நூற்றூர்க்கோன், நூறு ஊர்களை ஆண்ட எங்கள் பாட்டன் என்றது மேலத்தெரு. நூலோன், சாத்திரம் படித்த எங்கள் முன்னோர் என்றது கீழத்தெரு. நூல் நெய்கிறவன், எங்கள் தறிக்காரன் என்றது தெற்குத்தெரு. அரசி யார் வீட்டுப் பெண்ணோ அந்தத் தெருவுக்குத்தான் தேரில் முதல் வடம் என்பதால், பதினோரு வருஷமாகத் தேர் கொட்டகையை விட்டு நகரவில்லை.

இப்போது பெண்ணே நேரில் வந்து நிற்கிறாள், அவளைக் கேட்டால் தீர்ந்தது என்று ஊர் கோயில் மண்டபத்தில் கூடியது. பஞ்சாயத்துத் தலைவர் கலியபெருமாள் மரியாதையாகக் கேட்டார். அரசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னாள்.

"என் கொழுநர் எனக்கு முன்பே அங்கு வந்திருந்தார். மாமனார் வந்தார். மக்களும் வந்தனர். என் தகப்பன் மட்டும் வரவில்லை. எங்கோ வழியில் தாகத்தோடு நிற்கிறான். ஆடி அமாவாசையன்று ஆற்றில் நின்று அவன் பெயரைச் சொல்லி ஒரு கை நீர் விட்டால் வந்து சேர்வான். பெயர்தான் எனக்கு நினைவில் இல்லை."

அமாவாசைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் பெயரை முடிவு செய்வது, அதுவரைக்கும் அரசி எந்தத் தெருவுக்கும் விருந்தாகப் போகாமல் ஞானாம்பிகை டீச்சர் வீட்டில் தங்குவது என்று தீர்மானமாயிற்று. டீச்சர் மேலத்தெரு மருமகள்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள், பழைய எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள், வாயில் பொய் வராது என்று மூன்று தெருக்களிலும் பெயர் எடுத்தவள். கீழத்தெருக்காரர்களே எழுந்து, டீச்சர் என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறோம் என்றார்கள். ஞானாம்பிகை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையை மட்டும் அசைத்தாள்.

வாயில் பொய் வராத அந்த டீச்சர் இருபத்துநாலு வருஷமாக ஒரு பொய்க்குள்தான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். மேலத்தெருவுக்குத் தெரிந்தவரை அவள் கோதண்டபாணி என்கிற தலைமையாசிரியரின் மகள். உண்மையில் அவள் பிறந்தது கடலோரத்து நத்தைமேட்டில், கிளிஞ்சலைப் பொறுக்கிக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிற சடையனுக்கு. பிள்ளையில்லாத தலைமையாசிரியர் பத்து வயதில் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படிக்கவைத்தார். அவளை விரும்பிக் கட்டிக்கொண்ட மெய்கண்டானுக்கு எல்லாம் தெரியும், ஆனால் மேலத்தெரு காளவாய் வீட்டில் பெண்ணெடுக்காது. யோசனை சொன்னதே சடையன்தான். "எம்பேரை எடுத்துட்டா அது நல்லா இருக்கும்னா எடுத்துடுங்க சார். நான் பந்தியில ஒரு ஓரமா உக்காந்து சாப்ட்டுட்டு வந்துடறேன்" என்றார். அப்படியே செய்தார். மூன்றாம் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு, மணமேடைப் பக்கம் திரும்பாமலே பஸ் ஏறிப் போனார். எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளை போகாத அந்தக் கையை மாலையும் கழுத்துமாக அவள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் பார்க்கவில்லை.

அரசி அந்த வீட்டில் தங்கிய நாட்களில் ஊருக்கு அவள் பழகிப்போனாள். முதல் இரண்டு நாள் வாசலில் கூட்டம் நின்றது, செல்போனில் படம் எடுத்தார்கள், மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி கறிவேப்பிலை கேட்க வந்து அரசியிடமே வாங்கிக்கொண்டு போனாள். கிராம நிர்வாக அலுவலர் வந்து பிறந்த தேதி கேட்டார், அரசி ராஜாவின் ஆட்சியாண்டைச் சொன்னாள், அவர் அதையும் எழுதிக்கொண்டார். மிளகாய் காரம் அவளுக்குப் புதிது, கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, அடுத்த வேளையிலிருந்து மிளகு போடச் சொன்னாள். ராஜா எப்படி இருப்பார் என்று பெண்கள் கேட்டதற்கு, நல்லவர், சாப்பிடும்போது பேசமாட்டார் என்றாள். நாலைந்து நாளில் அவள் பேச்சும் தெருப்பேச்சாக மாறிப்போனது. ஞானாம்பிகையின் மாமியார், நம்ம வீட்டுப் பொண்ணுதானே, ஜாடையே சொல்லுதே என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, தன் தாய்வீட்டுப் பட்டுப்புடவையை அரசிக்குக் கட்டிவிட்டாள். தெற்குத்தெருவிலிருந்து ஒரு புதுச் சேலை வந்தது. கீழத்தெருவிலிருந்து பலகாரத் தூக்கு வந்தது. எல்லாவற்றையும் அரசி வாங்கி வைத்துக்கொண்டாள், எதைப் பார்த்தும் அவள் முகத்தில் எதுவும் நினைவு வந்த மாதிரி இல்லை.

ஒரு தடவைதான் வந்தது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தீர்ந்துபோய், ஞானாம்பிகை கல்சுண்ணாம்பைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். புஸ்ஸென்று கொதித்து ஆவி கிளம்பியது. கூடத்தில் படுத்திருந்த அரசி எழுந்து வந்து, சட்டியின் பக்கத்தில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

"இன்னும் ஒரு கை தண்ணி கேக்குது" என்றாள்.

ஞானாம்பிகைக்கும் அது கேட்டிருந்தது. காளவாய்க்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற சத்தம் அது. அவள் இன்னும் ஒரு கை தண்ணீர் தெளித்தாள். அரசி கண்ணைத் திறந்து, அவளுடைய முன்கையிலிருந்த பழைய தழும்பைப் பார்த்தாள்.

"இது எதனால வந்தது?"

"எண்ணெய் தெறிச்சது" என்றாள் ஞானாம்பிகை.

அரசி மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் அதற்கு மறுநாள், கரண்ட் போய் விசிறி நின்றிருந்த பகலில், இரண்டு பேரும் கொல்லைப்பக்கம் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது, யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னாள்.

"கல்யாணத்தப்போ மந்திரி எனக்கு வேற அப்பா குடுத்தாரு ஞானம். பெரிய குலம். இனி நீ இவர் மகள், பழைய பேரைச் சொல்லக்கூடாதுன்னாங்க. நான் சொல்லல. ஆனா இந்தக் கோயில்ல விளக்கு வச்சப்ப மட்டும், மனசு கேக்காம, எழுதுறவர்கிட்ட அப்பா பேரைச் சொல்லி வெட்டச் சொல்லிட்டேன். அப்பா ஒருநாள் வந்து தடவிப் பாத்துட்டுப் போனாராம். படிக்கத் தெரியாது அவருக்கு. இதுல எது எம்பேருன்னு பூசாரிகிட்ட கேட்டாராம்."

"அப்புறம் யாரு கொத்தினது அதை? எதிரிங்களா?"

"நான்தான்" என்றாள் அரசி. "மகனுக்குப் பட்டம் கட்டுற நேரம். கூட இருக்கிறவங்க முணுமுணுத்தாங்க. ஆள் அனுப்பிக் கொத்திப்போடச் சொன்னேன். முதல் எழுத்தை மட்டும் ஏன் விட்டான்னு தெரியல, பொழுது சாஞ்சிருக்கும். அன்னைக்கே எனக்கு அந்தப் பேரு மறந்துபோச்சு. நாக்கு நுனி வரைக்கும் வரும், அங்கேருந்து திரும்பிப்போயிடும்."

ஞானாம்பிகை உரித்த மொச்சையையும் தோலையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் கோயில் திருப்பணியில் மடைப்பள்ளிச் சுவரைக் கரி போகக் கழுவியபோது, அடுப்புக்குப் பின்னால் ஒரு வரி வெளிப்பட்டது. வாசித்துச் சொல்ல அவளைத்தான் கூப்பிட்டார்கள். 'நூறு சுடும் சாத்தன் மகளார் உலகநங்கையார் வைத்த நந்தாவிளக்கு ஒன்று' என்று இருந்தது. தென்சுவரில் கொத்தியவர்கள் அடுப்பங்கரையைப் பார்க்கவில்லை. நூறு என்றால் பழைய தமிழில் சுண்ணாம்பு. மேலத்தெருவில் யாருக்கும் தெரியாத அந்தச் சொல் நத்தைமேட்டில் இன்றைக்கும் இருக்கிறது, நூறு வெந்துருச்சா என்றுதான் அவள் அப்பா கேட்பார். அன்றைக்கு அவள் சுவரைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இதுல ஒண்ணும் இல்லீங்க, வெள்ளையடிச்சிடுங்க" என்றாள். வெள்ளையடித்துவிட்டார்கள்.

மொச்சை உரித்த அன்றைக்குச் சாயங்காலம் மெய்கண்டான் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வந்ததும் அவள் அவனிடம் சொன்னாள். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நீ சொன்னா, நூறுன்னா சுண்ணாம்புன்னு உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாங்க."

"புஸ்தகத்துல இருக்குங்க."

"புஸ்தகத்துல இருக்குன்னு சொல்லுவ. உன் மூஞ்சி சொல்லாது." அவன் கோபமாகப் பேசவில்லை. "ஆவணியில பொண்ணு பாக்க வர்றாங்க ஞானம். இப்பப் போய் காளவாய்ப் பேச்சை எடுக்கணுமா? அந்தம்மா எண்ணூறு வருஷம் இருந்தாச்சு. நம்ம பொண்ணு இனிமேதான் இருக்கணும்."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் அவளுக்கு அகப்படவில்லை.

அமாவாசைக்கு முதல் நாள் காலையில் மண்டபம் நிறைந்திருந்தது. மூன்று தெருவும் தங்கள் கட்சியைச் சொல்லி முடித்ததும், கலியபெருமாள் திரும்பி, "நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றார். அரசி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்வரிசையில் மாமியார், பக்கத்தில் மகள். ஞானாம்பிகை எழுந்து நின்றாள். மடைப்பள்ளி இருபதடி தூரத்தில் இருந்தது. ஒரு தேங்காய் நார் போதும், கொஞ்சம் தண்ணீர் போதும், வெள்ளை போய்விடும். வாயைத் திறந்தபோது அதைச் சொல்லத்தான் போகிறோம் என்று அவளே நினைத்தாள்.

"எழுத்து ரொம்ப சிதைஞ்சிருக்கு" என்றாள். "உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது."

அப்படியானால் சாமியே சொல்லட்டும் என்று மூன்று பெயரையும் சீட்டில் எழுதிக் குருக்கள் கையால் எடுக்கச் செய்தார்கள். நூற்றூர்க்கோன் வந்தது. மேலத்தெருவில் வெடி போட்டார்கள். கீழத்தெருவும் தெற்குத்தெருவும் தோற்ற முகத்தோடு, ஆனால் ஒரு வழியாகத் தீர்ந்ததே என்ற நிம்மதியோடு கலைந்து போயின.

மறுநாள் காலையில் ஆறு நிறைய ஜனம். பெண்கள் தர்ப்பணம் செய்வதுண்டா என்று யாரோ இழுத்தார்கள், அரசி செய்யலாம் என்று குருக்கள் முடித்துவைத்தார். அவள் முழங்காலளவுத் தண்ணீரில் இறங்கினாள். துணைக்கு ஞானாம்பிகை கூட இறங்கினாள். குருக்கள் கரையிலிருந்து எடுத்துக்கொடுக்க, அரசி எள்ளையும் தண்ணீரையும் கையில் ஏந்தி, "என் தகப்பன் நூற்றூர்க்கோன்" என்றாள். சொல்லிவிட்டு, வாயில் போட்ட எதையோ ருசி பார்க்கிறவள் மாதிரி ஒரு கணம் நின்றாள். பிறகு கையைச் சாய்த்தாள். தண்ணீர் தண்ணீரில் விழுந்தது. எள் கொஞ்ச தூரம் மிதந்து போயிற்று.

அது கண்ணுக்கு மறைகிறவரை பார்த்திருந்துவிட்டு, அவள் ஞானாம்பிகையின் பக்கம் திரும்பினாள். கரையில் இருக்கிறவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"போய்ச் சேந்திருக்குமா?"

இதுவரை ஞானாம்பிகை மறைத்திருந்தாளே தவிர, இவளிடம் நேராகப் பொய் சொன்னது அந்தத் தழும்பு விஷயம் ஒன்றில்தான். இப்போதும் நேரம் இருந்தது. தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது, எள் இருந்தது, மூன்றே சொல் சொன்னால் போதும். கரையில் மகள் புதுத் தாவணியில் நின்று, அம்மா பார்க்கிறாள் என்று கையசைத்தாள்.

"சேந்திருக்கும்மா" என்றாள் ஞானாம்பிகை.

அரசி அதை நம்பினாள். அதுதான் கொடுமை. முகம் தெளிந்து, வந்த நாளிலிருந்து ஒருநாளும் இல்லாதபடி வயிறாரச் சாப்பிட்டு, பட்டுப்புடவையை மடித்து மாமியார் கையில் கொடுத்துவிட்டு, ஞானாம்பிகையின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, "நீ இல்லேன்னா நான் திக்கத்துப் போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி பஸ்ஸில் ஏறிப் போனாள். கடைசி சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகக் கைகூப்பினாள். அங்கே போய், வழியைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்பாள் என்பதும், தாகத்தோடு நிற்கிற ஆள் வரமாட்டான் என்பதும், ஊர் எல்லையில் புழுதி அடங்குகிறவரை நின்ற கூட்டத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆவணியில் தேர் ஓடியது. மேலத்தெரு முனையில் நூற்றூர்க்கோன் வளைவு எழும்பியது. அதன் அடியில் பதித்த பளிங்குக் கல்லில், வரலாற்று ஆலோசனை என்று போட்டு ஞானாம்பிகையின் பெயரையும் பொறித்திருந்தார்கள். கோதண்டபாணி மகள் என்று முன்னால் சேர்த்திருந்தார்கள், மரியாதைக்காக. பெண் பார்க்க வந்தவர்கள் வளைவைத் தாண்டித்தான் வந்தார்கள், வாசித்துவிட்டு வந்தார்கள், சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மகள் சிரித்த முகமாக இருந்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. ஞானாம்பிகைக்கு மட்டும் வகுப்பில் ராஜாக்களின் பெயர்களைச் சொல்லும்போது நடுவில் குரல் நின்றுபோகத் தொடங்கியது. வீட்டில் ஒருநாள் அப்பாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க நினைத்தாள். சடையன் என்பது உடனே வரவில்லை. நாக்கு நுனியில் நின்றுவிட்டு, சற்றுப் பொறுத்துத்தான் வந்தது. அவள் பயந்துபோனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் நத்தைமேட்டுக்குப் பஸ் ஏறினாள்.

காளவாய் புகைந்துகொண்டிருந்தது. அவளுடைய தம்பி பிள்ளைகள் நடத்துகிறார்கள் போலிருக்கிறது, லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது, நாலைந்து ஆட்கள் நின்றார்கள். நிழலில் ஒரு கிழவர் உட்கார்ந்து கிளிஞ்சலிலிருந்து கல்லைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் எதிரே போய் நின்றதும் நிமிர்ந்தார். கை அப்படியே நின்றது. பிறகு மறுபடி பொறுக்க ஆரம்பித்தது.

"வாங்கம்மா. சுண்ணாம்பு வேணுமா? எந்த ஊரு?"

"அப்பா" என்றாள் அவள்.

மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சடையன் அவர்களைப் பார்த்து, "ஆளு மாறி வந்துட்டாங்க போல" என்றார்.

"நான் ஞானம்பா."

"எனக்குப் பொண்ணு இல்லீங்கம்மா" என்றார் அவர். கடுமையாகச் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை இத்தனை வருஷம் கழித்தும் சிந்தாமல் வைத்திருக்கிறேன் பார் என்று காட்டுகிற ஒரு சின்னப் பெருமை அந்தக் குரலில் இருந்தது. அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார்கள். லாரி போகிறவரை அவர் அவளைப் பார்க்கவில்லை. போனபிறகும் குனிந்தபடியே, உதடு அசையாமல் கேட்டார்.

"பேத்திக்கு இடம் முடிவாயிடுச்சாமே. ஏன் இப்படி வந்து நிக்கிற? யாராச்சும் பாத்தா?"

"பாக்கட்டும்பா."

"அது உன் ஒருத்தி பேச்சு இல்ல. நான் குடுத்ததுன்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு உங்கிட்ட. அதையும் வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டுப் போகவா வந்த?"

அவளுக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. அரசியைப் பற்றி, சாத்தனைப் பற்றி, ஆற்றைப் பற்றி.

"அஞ்சு மணிக்கு ஒரு பஸ் இருக்கு" என்று அவர் எழுந்தார்.

பஸ் நிற்கிற இடம் அரை மைல். அவள் முன்னால் நடந்தாள். அவர் இருபதடி பின்னால், வேறெங்கோ போகிற ஆள் மாதிரி வந்தார். அவள் மெதுவாக நடந்தால் அவரும் மெதுவாக நடந்தார். அவள் நின்றால் அவரும் நின்று, செருப்பில் முள் பார்த்தார். எவ்வளவு முயன்றும் அந்த இருபதடியை அவளால் ஓர் அடிகூடக் குறைக்க முடியவில்லை.

பஸ் வந்தது. அவள் படியில் கால் வைத்தபோது, பின்னாலிருந்து அவர் கண்டக்டரிடம் சொல்வது கேட்டது.

"நங்கைமங்கலத்து டீச்சரம்மா அவங்க. கோதண்டபாணி சார் மக. பத்திரமா எறக்கி விட்ருங்க."